வெளியே நின்ற வரி

"தம்பி, ஒரு வரி மட்டும் துருத்திக்கிட்டு வெளிய நிக்கு. பாக்கவே அசிங்கமா இருக்கு. கொஞ்சம் உள்ள தள்ளி விடுதியளா?"

தொலைபேசியில் கேட்டவர் உலகநாயகி. ஜெபமணி சிரித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு இப்படிப் பத்து அழைப்பாவது வரும். வேட்டி மடிப்புக் கலைந்தால் இழுத்துவிடச் சொல்வதைப் போலத்தான் வாசிப்புக்காரர்கள் அவரிடம் வரிகளைத் தள்ளச் சொல்வார்கள்.

சங்குமுனையில் மழை என்பது பேச்சில் மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது. குடிநீர் கடலிலிருந்து வந்தது. கரையோர நிலையத்தில் உப்பைப் பிரித்தெடுத்து, குழாய் வழியே ஊருக்கு அனுப்பினார்கள். எந்தத் தெருவுக்கு எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொண்டது. அதற்கான விதிகளைத் தலைநகரில் எழுதி அனுப்புவார்கள். எழுதியது லிஸ்ப் என்ற பழைய கணினி மொழியில். ஒரு பிராக்கெட்டுக்குள் இன்னொரு பிராக்கெட், அதற்குள் மற்றொன்று என்று வெங்காயம் போல் உரிந்துகொண்டே போகும் மொழி. இயந்திரத்துக்கு அது பால் குடிப்பது போல. மனிதர் கண்ணுக்கு மண்ணை வாரி இறைத்தது போல.

ஆனாலும் சட்டம் ஒரு காவல் வைத்திருந்தது. மனித உயிரைத் தொடும் விதி எதுவும், இரண்டு மனிதர்கள் வாசித்துக் கையெழுத்திடாமல் ஓடக் கூடாது. அதற்காகவே ஊருக்கு ஊர் வாசிப்புக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார். அடுத்தவர் வரிக்கு வரி "சரி" என்பார். தொடக்கத்தில் பல வருடங்கள் பக்கத்தில் ஒரு தட்டும் சோழிகளும் இருந்தன. பிராக்கெட் திறந்தால் தட்டில் ஒரு சோழி வைக்க வேண்டும், மூடினால் ஒன்றை எடுக்க வேண்டும். கடைசியில் தட்டு காலியாக இருந்தால்தான் வாசிப்பு முடிந்ததாக அர்த்தம். நாளுக்கு மூன்று விதி முடிவதே பெரும்பாடு. சாயங்காலம் எல்லாருக்கும் கண் எரியும்.

அதன் பிறகு எடிட்டர் என்ற மென்பொருள் வந்தது. அது பிராக்கெட்டுகளைப் பனிக்குள் இருப்பது போல மங்கலாக்கிவிட்டு, எந்த வரி எதற்கு உட்பட்டதோ அதற்கேற்ப ஒவ்வொன்றையும் தானே உள்ளே தள்ளி நிறுத்தியது. பார்த்தவுடன் புரிந்தது. சோழிகள் பெட்டிக்குள் போயின. நாளுக்கு முப்பது விதி வாசித்தார்கள். எந்தச் சொல்லுக்குக் கீழே எத்தனை வரி ஆழமாகத் தள்ளப்பட வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. சொல்லுக்கு ஓர் எண்; சொல் நிற்கும் வரியையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். மாநிலம் முழுவதுக்கும் ஒரே பட்டியல்; அதைப் பார்த்துக்கொள்ளும் சில மையங்களில் ஒன்றில்தான் ஜெபமணிக்கு வேலை.

காலையில் கணினியைத் திறக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். இன்றைக்கு என்னால் ஒருவருக்காவது வேலை இலகுவாக வேண்டும், ஆண்டவரே என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

"எந்த விதிக்கா?" என்றார் ஜெபமணி.

"இந்தப் பாசி வாற காலத்துக்குன்னு புதுசா ஒண்ணு அனுப்பியிருக்காவள்லா, அதான். 'நீர்குறைந்தால்'னு ஒரு புது வார்த்த. இதுவரை நான் பாத்ததே இல்ல."

ஜெபமணி அதைத் திரையில் வரவழைத்தார். மங்கலான பிராக்கெட்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் அது இப்படி நின்றது:

நீர்குறைந்தால்
        தெருக்குழாய்களை மூடு
    நோயாளி வீட்டுக் குழாய்களைத் திற

"பாத்தியளா? தெருக்குழாய் அவ்வளவு உள்ள நிக்கு. நோயாளி குழாய் பாதி வழியில அனாதையா நிக்கு. ரெண்டும் ஒரே சமயத்துல நடக்க வேண்டியதுதான? ஊருக்குத் தண்ணிய நிப்பாட்டிட்டு, இருக்கிறத நோயாளிக்குக் குடுக்கணும். எவனோ பட்டியல்ல நம்பரத் தப்பாப் போட்டுருக்கான்."

பட்டியலில் அந்தச் சொல்லுக்கு நேரே 'இரண்டு' என்று இருந்தது. போன மாதம் தலைநகரிலிருந்து வந்த குறிப்பில் இருந்த எண். அப்படி வரும் எண்களில் பிழை இருப்பது புதிதல்ல. இதுவரை பதினொன்றை அவரே திருத்தியிருக்கிறார். பதினொன்றும் சரியான திருத்தங்கள்.

"விளக்கம் கேட்டு எழுதட்டுமாக்கா?"

"எழுதினா மூணு வாரம் ஆவும் தம்பி. திருப்பி அனுப்பினா ஏன் அனுப்பினேன்னு நான் நாலு பக்கம் எழுதணும். என் மகளுக்கு இது மாசம். வெள்ளிக்கிழம நான் அங்க இருக்கணும். இன்னும் இருபத்திமூணு விதி கெடக்கு."

ஜெபமணி இரண்டை மூன்றாக்கினார். நோயாளி குழாய் ஒரு எட்டு உள்ளே நகர்ந்து, தெருக்குழாய்க்கு நேர் கீழே அழகாக நின்றது.

"ஆங்! இப்பத்தான் லட்சணமா இருக்கு. உங்க வாய்க்குச் சக்கர போடணும் தம்பி."

"பேரப்பிள்ள பொறந்ததும் போடுங்க."

அந்தத் திருத்தத்துக்கு யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லையே. எடிட்டரில் செய்யும் இந்த மாதிரி மாற்றங்களுக்கு அலுவலகத்தில் 'தோற்றம்' என்று பெயர். தோற்றத்துக்குப் பதிவேடு கிடையாது. அன்று மதியமே உலகநாயகி உரக்க வாசித்தார்; ஓய்வுபெற ஒரு மாதமே மீதமிருந்த கோயில்பிச்சை எதிரில் உட்கார்ந்து "சரி, சரி" என்றார். இருவரும் கையெழுத்திட்டார்கள். வெள்ளிக்கிழமை உலகநாயகிக்குப் பேத்தி பிறந்தாள்.

ஐந்து மாதம் கழித்துக் கடலில் பாசி வந்தது.

கடல் இரண்டே நாளில் சாயப்பட்டறைச் சாக்கடை போலச் சிவந்தது. நிலையத்தின் வடிகட்டிகள் அடைத்துக்கொண்டன. இருப்பு குறைந்ததும் இயந்திரம் தெருக்குழாய்களை மூடியது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் புரிந்துகொண்டார்கள். வீட்டுக்கு இரண்டு குடம் என்று லாரியில் தண்ணீர் வந்தது.

சங்குமுனையில் அப்போது மூன்று வீடுகளில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் இருந்தது. சிறுநீரகம் கெட்டவர்கள் அறுபது கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டாம் என்று அரசே வீட்டில் வைத்துக் கொடுத்தது. ஒரு முறை ஓடினால் எட்டுக் குடம் தண்ணீரைக் குடிக்கும். வாரம் மூன்று முறை ஓட வேண்டும்.

கலங்கரைத் தெருவில் பிச்சையா என்பவர் இருந்தார். படகுத்துறையில் முப்பது வருடம் சீட்டுக் கிழித்தவர். முதல் நாள் குழாயில் காற்றுதான் வந்தது. அவர் மனைவி தங்கபுஷ்பம் குடிநீர் ஆணையத்துக்குத் தொலைபேசி செய்தார். எதிர்முனையில் இருந்த பெண் விதியைத் திரையில் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னாள்: "அம்மா, உங்க குழாய் திறந்துதான் இருக்கு. உங்க வீட்டு இணைப்புல அடைப்பு இருக்கலாம். பிளம்பரைக் கூப்பிட்டுப் பாருங்க."

பிளம்பர் வந்து முற்றத்தைத் தோண்டினார். அடைப்பு இல்லை. மறுநாளும் தொலைபேசி செய்தார்கள். அதே பதில், அதே பணிவு. மூன்றாம் நாள் வாசல்வரை தோண்டினார்கள். ஐந்தாம் நாள் பிச்சையாவுக்கு மூச்சு முட்டியது. பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டோல்கேட் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த நாள் சவேரியார் தெருவில் சலேத்மேரி டீச்சர் இறந்தார். டீச்சர் தனியாக இருந்தவர். தொலைபேசியில் சொன்ன பதிலை நம்பி, தன் வீட்டுக் குழாயைத் தானே கழற்றிப் போட்டு வைத்திருந்தார்.

உப்பளத் தெருவில் இருந்த முத்துக்குட்டி மட்டும் பிழைத்தார். அந்தத் தெருப் பெண்களுக்கு விதியும் தெரியாது, பிராக்கெட்டும் தெரியாது. தொலைபேசியில் என்ன சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை. "அந்த மனுசனுக்குத் தண்ணி இல்லியாம்" என்று ஒருத்தி சொல்ல, லாரியில் வந்த இரண்டு குடத்தில் ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துப் போய் அவர் மாடித் தொட்டியில் ஊற்றினார்கள். ஆறு நாளும் ஊற்றினார்கள். அது போதுமானதாக இருந்தது.

செய்தி வந்த அன்று ஜெபமணி பிராக்கெட்டுகளை முழுக் கறுப்பாக்கி அந்த விதியைத் திறந்தார். அலமாரியிலிருந்து சோழிப் பெட்டியை எடுத்துத் தட்டில் வைத்து எண்ணினார். கடைசியில் தட்டு காலியானது; ஆனால் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே தட்டில் இருக்க வேண்டியதைவிட ஒரு சோழி குறைந்தது. மறுபடி எண்ணினார்.

விதியை எழுதியவர் ஒரு ஜோடி பிராக்கெட்டை மறந்திருந்தார். இரண்டு கட்டளைகளையும் சேர்த்துக் கட்டும் ஜோடி. அது இல்லாததால் முதல் கட்டளை மட்டும் தண்ணீர் குறைந்த நாளுக்கு. இரண்டாவது கட்டளை மற்ற நாட்களுக்கு. இயந்திரம் அப்படித்தான் படித்தது. எடிட்டரும் ஐந்து மாதத்துக்கு முன் அதைத்தான் சொன்னது. நோயாளி குழாயை வெளியே நிறுத்தி, இது உள்ளே சேர்ந்தது இல்லை, பாருங்கள் என்றது. அதன் வாயைப் பொத்தியது அவர்தான், ஓர் அக்காவுக்கு உதவியாக.

அன்று அவர் ஜெபிக்க உட்கார்ந்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க வாய் வரவில்லை.

விசாரணைக்குத் தலைநகரிலிருந்து வைத்தியலிங்கம் என்ற அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், பியூனைக்கூட 'வாங்க, போங்க' என்று பேசுபவர். விசாரணைக்கு இரண்டு நாள் முன்பே ஜெபமணி அவர் தங்கியிருந்த பயணியர் மாளிகைக்குப் போனார்.

"உக்காருங்க மிஸ்டர் ஜெபமணி. நீங்க தோற்றப் பிரிவுதானே? உங்களை நான் கூப்பிடவே இல்லையே."

"அதனாலதான்யா நானே வந்தேன்."

அவர் சொன்னதை வைத்தியலிங்கம் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "எனக்கு இந்த பிராக்கெட் சமாசாரம் அவ்வளவா பிடிபடாது. எளிமையாச் சொல்லுங்களேன்" என்றார்.

ஜெபமணி கொஞ்சம் யோசித்தார். "கல்யாணப் பந்தின்னு வச்சுக்கோங்கய்யா. சோறு கம்மியா இருக்கு. முதல் பந்திக்கு மட்டும்தான் பரிமாறணும்னு உத்தரவு. பரிமாறுறவன் கையில ஒரு சீட்டு இருக்கு, யாரு முதல் பந்தி, யாரு ரெண்டாம் பந்தின்னு. நோயாளியோட பேரு சீட்டுல ரெண்டாம் பந்தியில தப்பா ஏறிப்போச்சு. மேற்பார்க்க வந்த அம்மா, 'என்ன இது, இந்த மனுசன் தனியா உக்காந்திருக்காரு, பாக்க நல்லா இல்லியே'ங்காவ. நான் என்ன செய்யணும்? சீட்டத் திருத்துன்னு சொல்லணும். நான் அவரோட நாற்காலிய முதல் வரிசைக்கு இழுத்துப் போட்டுட்டேன். இப்பப் பாக்க எல்லாம் சரியா இருக்கு. அந்த அம்மா கையெழுத்துப் போட்டுட்டாவ. பரிமாறுறவன் நாற்காலியப் பாக்க மாட்டான்யா. அவன் சீட்டத்தான் பாப்பான்."

"நல்லாச் சொன்னீங்க" என்றார் வைத்தியலிங்கம். உண்மையாகவே பாராட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீட்டை எழுதினவர் மேல எனக்கு நடவடிக்கை எடுக்க முடியாது. ரெண்டு பேர் வாசிச்சுச் சரின்னு சொன்ன பிறகு எழுதினவருக்குப் பொறுப்பு இல்லை, அது சட்டம். வாசிச்சவங்க பாத்த நாற்காலி தப்பான இடத்துல இருந்ததுன்னு நான் பதிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? பதினொரு வருஷமா மாநிலம் முழுக்க இந்த எடிட்டர்ல பாத்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அரிசி, மருந்து, கரண்ட், தண்ணி. ஒரு கையெழுத்து செல்லாதுன்னா அத்தனையும் சந்தேகம். நாளைக்குக் காலையில ஒரு விதியும் ஓடாது. அப்ப எத்தனை பேர் செத்துப்போவாங்க? இங்கே ரெண்டு பேர்."

 அந்த வாதத்தில் பொய் எதுவும் இல்லை. அதுதான் ஜெபமணிக்குப் பயமாக இருந்தது.

"அப்ப உலகநாயகி அக்கா?"

"நீங்க நல்ல மனுஷர். வந்து சொன்னதுக்கு நன்றி. நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஜெபமணி வீட்டுக்கு நடந்தார். நல்லவர்களுக்கு உள்ள ஒரு பலவீனம், அடுத்தவர் மெல்லிய குரலில் பேசினால் நம்பிவிடுவது.

மறுநாள் பட்டியலைத் திறந்தபோது 'நீர்குறைந்தால்' என்ற சொல்லுக்கு நேரே இரண்டு என்று இருந்தது. அவர் மாற்றவில்லை. தலைநகரிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். ஆபத்தைச் சீக்கிரம் சரி செய்துவிட்டார்கள் என்று முதலில் ஆறுதல்பட்டார். தோற்றத்துக்குப் பதிவேடு கிடையாது என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வரவில்லை.

விசாரணை நகராட்சிப் பள்ளி மண்டபத்தில் நடந்தது. காலை வெயில் ஓட்டுக் கூரை வழியாக வட்ட வட்டமாக விழுந்திருந்தது. கோயில்பிச்சை உடம்பு சரியில்லை என்று மகள் வீட்டிலிருந்து எழுதி அனுப்பிவிட்டார். உலகநாயகி மட்டும் சுங்குடிப் புடவையில், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் தங்கபுஷ்பம். சலேத்மேரி டீச்சருக்காக வர யாரும் இல்லை. அவரிடம் படித்த ஒருவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெரிய திரையில் விதி தோன்றியது.

"அம்மா, நோயாளி குழாய்னு இருக்கிற வரி எங்கே நிக்குது, சொல்லுங்க."

உலகநாயகி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். "வெளிய நிக்குய்யா."

"தெருக்குழாய்க்கு நேர் கீழே இல்லையே?"

"இல்லய்யா."

"அப்படின்னா தண்ணி குறைஞ்ச நாள்ல நோயாளி குழாய் திறக்காதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இதைப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

 உலகநாயகி திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்வரிசையில் இருந்த ஜெபமணியைப் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்பது அந்தப் பார்வைக்குள்ளேயே இருவருக்கும் புரிந்துவிட்டது.

"ஆமாய்யா," என்றார். "கண்ணு ஏமாத்திட்டு."

"இல்ல!" ஜெபமணி எழுந்துவிட்டார். "அக்கா பாத்தது இது இல்ல. அன்னைக்கு அந்த வரி உள்ள நின்னுது. நான்தான் தள்ளினேன். நேத்து யாரோ திருப்பி வெளிய இழுத்துருக்காங்க. அய்யாகிட்டயே முந்தாநாள் சொன்னேன். அய்யா, சொல்லுங்கய்யா!"

வைத்தியலிங்கம் கோபப்படவில்லை. சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தவரிடம் குனிந்து, "இது தோற்றம் சம்பந்தப்பட்டது. குறிப்புல வேண்டாம்" என்றார். பேனா நின்றது. "மிஸ்டர் ஜெபமணி, உங்க மன வருத்தம் புரியுது. உக்காருங்க."

அப்போது தங்கபுஷ்பம் எழுந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

"எனக்கு உள்ளயும் தெரியாது, வெளியயும் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எங்க வீட்டுலருந்து நாலு வீடு தள்ளித்தான் வால்வு ரூம் இருக்கு. அஞ்சு நாளு போன் பண்ணினேன். அஞ்சு நாளும் டிவியப் பாத்துப் பேசின மாதிரி அதையே பாத்துப் பாத்துப் பேசினிய. ஒருத்தராவது எந்திச்சு வந்து, 'என்னம்மா, தண்ணி வருதா'ன்னு கதவத் தட்டியிருக்கக் கூடாதா?"

 "அதை மனுவா எழுதிக் கொடுங்கம்மா" என்றார் வைத்தியலிங்கம்.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. வாசிப்பில் கவனக்குறைவு. உலகநாயகிக்கு வேலை போயிற்று. இருபத்தாறு வருட வேலை, ஓய்வூதியமும் கிடையாது.

பள்ளிக்கு வெளியே, பூட்டிக் கிடந்த குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜெபமணி அவரைப் பிடித்தார்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னிய? உள்ள நின்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா!"

"சொன்னா எழுதியிருப்பானா? நீங்க சொன்னதையே எழுதல."

"இருந்தாலும்..."

"தம்பி, அந்த வரி எங்கிட்ட வந்து கைய ஆட்டிச் சொல்லிச்சு. நான் வெளிய நிக்கேன், நான் வெளிய நிக்கேன்னு. நான் என்ன சொன்னேன்? அசிங்கமா இருக்குன்னேன்." அவர் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கண்ணு ஏமாத்திட்டுன்னு நான் சொன்னது பொய் இல்ல. அன்னைக்கே ஏமாத்திட்டு. நேத்து அவன் மாத்தினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தள்ளினது நான்."

"கேட்டது நானு. போதும், இங்ஙன நின்னு ரெண்டு பேரும் பாவத்தப் பங்கு போட வேண்டாம். வீட்டுக்குப் போங்க. பிள்ளைய பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும்."

அதற்குப் பிறகு உலகநாயகி வாராவாரம் கலங்கரைத் தெருவுக்குப் போவதாக ஜெபமணி கேள்விப்பட்டார். தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் வலி, லாரித் தண்ணீர் வரும் நாளில் குடம் தூக்க முடியாது. முதல் வாரம் கதவு திறக்கவில்லை. இரண்டு குடத்தையும் வாசலில் வைத்துவிட்டு வந்தாராம். மூன்றாவது வாரம் கதவு திறந்திருந்ததாம். ஆனால் பேசவில்லையாம். இன்றுவரை பேசவில்லை என்றுதான் சொல்கிறார்கள். குடம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

ஜெபமணிக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. விசாரணைக்கு ஒத்துழைத்ததற்காக ஒரு நன்றிக் கடிதம் வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். "நீங்க எழுந்திரிச்சா அந்த நாற்காலியில யாரு உக்காருவா?" என்று அவர் கேட்டார். ஜெபமணி மறுநாளும் அதிலேயே போய் உட்கார்ந்தார். சிறிய மாற்றம் ஒன்று மட்டும் வந்தது. தோற்றப் பிரிவில் இனி யாரும் தொலைபேசியில் பெயரைச் சொல்லக் கூடாது. எண்ணைச் சொன்னால் போதும் என்று சுற்றறிக்கை. ஜெபமணி 'மையம் நான்கு' ஆனார்.

பட்டியலில் அந்தச் சொல்லுக்கு நேரே இரண்டு அப்படியே இருந்தது. ஆகவே, அந்தச் சொல் வரும் விதிகளில் எல்லாம், எந்த ஊரில் யார் திறந்தாலும், ஒரு வரி வெளியே நின்றது. பல இடங்களில் அது நியாயமாகவே வெளியே நிற்க வேண்டிய வரி. சில இடங்களில், அதே பிராக்கெட் ஜோடியை அதே மாதிரி யாரோ மறந்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், மதகூர் வாசிப்பு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஜெபமணிக்குப் பழக்கமில்லாத குரல். இளம் பெண்.

"மையம் நான்குங்களா? சார், நான் இங்க புதுசு. ஒரு விதியில ஒரு வரி மட்டும் ஒட்டாம வெளிய நிக்குது. கொஞ்சம் உள்ள தள்ளி விடுறீங்களா?"

 "என்ன வரிம்மா?"

"தண்ணி குறைஞ்சா தெருக்குழாய மூடு, பிரசவ ஆஸ்பத்திரித் தொட்டிய நிரப்பு. ரெண்டாவதுதான் வெளிய நிக்குது."

"அந்தத் தொட்டிய எப்ப நிரப்பணும்? தண்ணி இருக்கிற அன்னைக்கா, இல்லாத அன்னைக்கா?"

"இல்லாத அன்னைக்குத்தான் சார். இதென்ன கேள்வி?"

"அப்ப அது உள்ள நிக்கணும். ஏன் வெளிய நிக்குதுன்னு பாருங்க. பிராக்கெட்டக் கறுப்பாக்கிட்டு எண்ணுங்க. ஒரு ஜோடி குறையும். விதியத் திருப்பி அனுப்புங்கம்மா."

"திருப்பி அனுப்புனா மூணு வாரம் ஆகும் சார். நாலு பக்கம் எழுதணும். எங்க மேடம் என்னைக் கொன்னுருவாங்க. நீங்க ஒரு நம்பரத் தட்டுனாப் போதும்."

"தட்ட மாட்டேன்."

"கெஞ்சிக் கேக்கிறேன் சார்."

"மாட்டேம்மா. நீங்க எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டேன். அந்த வரி உங்ககிட்ட ஏதோ சொல்லுது. அத முதல்ல கேளுங்க."

எதிர்முனையில் பெருமூச்சு. பிறகு அவள் பக்கத்தில் இருந்த யாரிடமோ, தொலைபேசியைச் சரியாகப் பொத்தாமல் சொன்னது இவர் காதில் விழுந்தது:

"இந்த ஆளு ஒண்ணும் உதவ மாட்டேங்கிறாரு மேடம். ஈவு இரக்கமே இல்ல."

கொஞ்சம் தள்ளி ஒரு வயதான குரல் பதில் சொன்னது: "இப்ப இருக்கிறவங்க அப்படித்தான்டி. முன்னால சங்குமுனையில ஜெபமணின்னு ஒருத்தர் இருந்தாரு. தங்கமான மனுஷன். கேட்டு வாய மூடுறதுக்குள்ள தள்ளிக் குடுத்துருவாரு. வச்சிரு, மையம் ரெண்டக் கூப்பிட்டுப் பாப்போம்."

தொடர்பு அறுந்தது.

ஜெபமணி மையம் இரண்டை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'வேறு அழைப்பில் இருக்கிறார்' என்றது. மறுபடி அழைத்தார். அதே பதில். வைத்தியலிங்கத்துக்கு எழுதலாம். எழுதினால் குறிப்பில் வராது.

அவர் கணினியை அணைக்கவில்லை. அலமாரியைத் திறந்து சோழிப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். மதகூருக்கு நாலேகாலுக்கு ஒரு பஸ் உண்டு. வாசிப்பு அலுவலகம் ஆறு மணி வரை திறந்திருக்கும். கதவைத் தட்டினால் யாராவது திறப்பார்கள்.